கிணற்றைப் பங்கிட்டோம், நீரைப் பங்கிட்டோமா?

(வலிகாமத்தில் நடைபெற்ற கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரையின் முழு வடிவம்)



வழமையான அரசியற் கூட்டமென்று எண்ணி வந்திருப்போர் என்னை மன்னிக்கவேண்டும். இன்று நான் கொழும்பைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. நம் காலடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமற் கிடக்கும் நீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அஃது அரசியல் அன்று என்று மட்டும் எவரும் எண்ணவேண்டாம். நிலத்தின்மேல் உரிமை கேட்பவன், அந்த நிலத்தின் கீழே என்ன நடக்கிறது என்பதையும் அறிந்திருக்கக் கடமைப்பட்டவன்.

முதலில் நான் வென்ற ஒரு வழக்கைப் பற்றிக் கூற அனுமதியுங்கள். சட்டத்தரணிகள் தாம் வென்ற வழக்குகளைச் சொல்லித் திரிவது உலக வழக்கமே. ஆயினும் இது பெருமைக்காகச் சொல்லும் கதையன்று.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், தொழிலில் இளையவனாக இருந்த காலத்தில், ஒரு தோட்டக் காணியைப் பற்றிய பிணக்கு என்னிடம் வந்தது. நான்கு பங்காளர், ஒரு கிணறு. நமது நாட்டு உறுதிகளில் வழக்கமாகக் காணப்படுவது போலவே, கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. நான்கு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் இறைப்பு. பாட்டன் காலத்திலிருந்து முறை பிசகியதில்லை. நால்வருள் ஒருவர் தமக்குரிய பரப்பிலே, பழைய கிணற்றிலிருந்து சில யார் தள்ளி, ஆழமான குழாய்க் கிணறு ஒன்றைத் துளைத்து நாள்தோறும் இறைக்கத் தொடங்கினார். மற்ற மூவரும் மன்றுக்குப் போயினர். குழாய்க் கிணறு துளைத்தவருக்காக நான் தோன்றினேன்.

என் வாதம் எளிமையானது. உறுதியிற் பங்கிடப்பட்டிருப்பது கிணறு. அதன் கீழுள்ள நீர் அன்று. என் கட்சிக்காரர் பழைய கிணற்றில் தமது முறை நாளுக்கு மேல் ஒரு வாளியேனும் அள்ளவில்லை. தமது சொந்தக் காணிக்குள் துளை இடுவதை எந்தச் சட்டம் தடுக்கிறது? மன்று என் வாதத்தை ஏற்றுக்கொண்டது. நாங்கள் வென்றோம்.

மூன்று கோடை கழிந்தது. முதலிற் பழைய கிணறு உவர்த்தது. அடுத்த ஆண்டு என் கட்சிக்காரருடைய குழாய்க் கிணறும் உவர்த்தது. அம் முதியவர் ஒருநாட் காலை என் காரியாலயத்துக்கு வந்தார். ஒரு போத்தல் நீரை மேசையின்மேல் வைத்தார். "தம்பி, இதை ஒருக்கால் குடித்துப் பாரும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குடித்துப் பார்த்தேன். அந்தச் சுவை இன்னமும் என் நாவில் நிற்கிறது.

அன்றுதொட்டு இந்த விடயத்தைப் படிக்கலானேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. நானும் பிழையாகக் கணக்கிட்டேன். மன்றும் பிழையாகக் கணக்கிட்டது. நான்கு பங்காளரும் அவ்வாறே. நாம் யாவரும் பள்ளிக்கூடத்திற் படித்த ஒரே கணக்கைத்தான் போட்டோம். மூன்று பேர் ஆறு நாளில் ஒரு வரம்பு வெட்டினால், ஆறு பேர் அதே ஆறு நாளில் எத்தனை வரம்பு வெட்டுவர்? இரண்டு. ஒரு மடங்கு கூட்டினால் ஒரு மடங்கு பயன். சிறிது எடுத்தால் சிறிது குறைவு. நிறுத்தினால் பழைய நிலை மீளும். இது நேர்விகிதக் கணக்கு. வரம்பு வெட்டுவதற்கும் வட்டி எண்ணுவதற்கும் அது பொருந்தும். ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பொருள்களுக்கு, அதாவது நிலத்தடி நீருக்கோ, கடலிலுள்ள மீன்குலத்துக்கோ, ஒரு நாட்டின் உணவுச் சந்தைக்கோ, அது பொருந்தாது. அங்கே சிறிய காரணம் பெரிய விளைவைத் தரும்; பெரிய முயற்சி ஒன்றுமில்லாமற் போகும்; இன்று செய்த பிழைக்குத் தண்டனை ஐந்து ஆண்டு கழித்து அயலவனுக்குக் கிடைக்கும்.

இதனை நம் சொந்த மண்ணிலிருந்தே விளக்குகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடலேரியிற் கலக்கும் வழுக்கையாறு ஒன்றே நமக்கு வாய்த்தது. வாடைக் காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமது மூலதனம். அந்த மழை செம்மண்ணைத் தாண்டி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே கீழிறங்குகிறது. ஆனால் அடியில் ஒரு வெறும் பாத்திரம் இருந்து அதை ஏந்திக்கொள்வதாக எண்ணிவிடாதீர்கள். நாற்புறமும் கடல், பாறைக்குள்ளும் கடல் ஊடுருவி நிற்கிறது. மழைநீர் அந்த உப்புநீரின்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையைப் போல மிதக்கிறது.

எவ்வளவு ஆழத்துக்கு மிதக்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நன்னீரின் நிறை ஆயிரம் என்றால், அதே அளவு கடல்நீரின் நிறை ஏறத்தாழ ஆயிரத்து இருபத்தைந்து. வித்தியாசம் இருபத்தைந்து; அஃது ஆயிரத்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். 1880களின் இறுதியில் பதோன் கைபென் என்ற ஒல்லாந்தரும், 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் இதனைத் தனித்தனியே எழுதிவைத்தனர்.

கேட்பதற்கு இனிமையான கணக்கு. இப்பொழுது அதையே மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி இறங்கினால், கீழே உப்புநீர் நாற்பதடி மேலெழும்பும்! கிணற்றுக் கட்டில் நின்று பார்ப்பவனுக்கு நீர்மட்டம் ஓரடி இறங்கியது மட்டுமே தெரியும். நாற்பதடி எழுந்தது தெரியாது.

கற்றோர் சபையில் நிற்கிறேன். ஆகையால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஏட்டுக் கணக்கு. உண்மைப் பாறையில் குகைகளும் வெடிப்புகளும் உண்டு. நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை இல்லை. இரண்டும் கலந்த ஒரு படை இருக்கிறது. மாற்றமும் ஒரு நாளில் நிகழ்வதன்று. சமநிலை எய்தக் காலம் பிடிக்கும். ஆனால் இந்தத் திருத்தங்கள் எவையும் நம் கவலையைக் குறைப்பன அல்ல. காலம் பிடிக்கும் என்பதே பேராபத்து. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே அத்தனை ஆண்டு இடைவெளி விழும்போது, எவனுக்குத்தான் பயம் பிறக்கும்? பத்து ஆண்டு இறைத்தும் நீர் இனிக்கிறது என்று கமக்காரன் சாட்சி சொல்கிறான். அவன் பொய்யன் அல்லன். ஆயினும் அந்தப் பத்தாண்டுச் சாட்சி பொய்ச்சாட்சி. உப்பு அவனுடைய கிணற்றின் அடியை எட்டும்வரை, அது புறப்பட்டு வந்துகொண்டிருப்பதற்கு எந்த அறிகுறியும் மேலே தெரியாது.

இன்னொன்று. கிணற்றடியில் வேகமாக இறைக்கும்போது உப்புநீர் அவ்விடத்தில் மட்டும் கூம்பு போல மேலெழுகிறது. குறித்த ஓர் உயரத்துக்கு உட்பட்டு நின்றால், இறைப்பை நிறுத்தியதும் மெல்லத் தணியும். அந்த உயரத்தைக் கடந்தாலோ, கூம்பின் உச்சி நிலைகுலைந்து கிணற்றை நோக்கிப் பாய்கிறது. அதற்குப் பின் இயந்திரத்தை நிறுத்தினாலும், உப்புண்ட பாறையை மழை கழுவித் துப்புரவாக்கப் பல மாரிகள் வேண்டும். ஏறிய படியால் இறங்க முடியாத ஏணி அது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றைக் காணாதவர் இங்கே எவரும் இருக்கமாட்டார்கள். அதன் அடியை யார் கண்டார் என்று கதை பேசுகிறோம். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்பதே அக் கிணறு நமக்குக் கண்முன் காட்டும் பாடம். நாமோ அதை அதிசயமாக மட்டும் பார்த்துத் திரும்புகிறோம்.

கீரிமலையிற் கடலோரத்தில் நன்னீர் ஊறி ஓடுகிறதே, அதை வீணாகப் போகும் நீர் என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். அது வீணன்று. கடலை நோக்கிக் கசியும் அந்த நீரே கடலை வெளியே தள்ளி நிறுத்தும் காவற்காரன். கசிவு முழுவதையும் மறித்து நாம் எடுத்துக்கொள்வோமானால், காவலை நீக்கிக் கதவைத் திறந்துவைத்தவர்கள் ஆவோம்.

நம் முன்னோர் இந்தச் சூத்திரங்களை அறிந்திருந்தார்களா என்பது எனக்கு வேண்டாத விவாதம். அவர்களிடம் துலாவும் பட்டையும் இருந்தன. இருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து இறைத்தால், அவர்களுடைய முழங்காலே நீரின் காவலாக இருந்தது. மனிதன் களைத்தான், கிணறு ஊறிற்று. 1950களிலிருந்து மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. அவை களைக்கவில்லை. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நம் தோட்டங்கள் பொன் விளைந்தன, கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போயினர். 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் அந்த விலை விழுந்தது. விலை விழுந்தபோது கமக்காரன் இறைப்பைக் குறைத்தானா? கடனை அடைக்கவேண்டியவன் இரண்டு பரப்பு கூட நட்டான். விலை ஏறினாலும் இறைப்பு, இறங்கினாலும் இறைப்பு! நேர்விகிதக் கணக்கில் இதற்கு இடமுண்டா?

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடையாமற்போனதையும், பரணில் ஏறியிருந்த துலாக்கயிறு மீண்டும் இறங்கியதையும் சிறுவனாக நான் கண்டிருக்கிறேன். அந்தத் தடையை நான் ஒருபொழுதும் நியாயப்படுத்தேன். நீரைக் காப்பதற்கு ஒரு சமூகத்தைப் பட்டினி போடவேண்டுமென்று சொல்பவனும் அல்லேன். களைக்காத இயந்திரத்தை வைத்துக்கொண்டு களைக்கும் நீரை எப்படிக் காப்பது என்பதே என் கேள்வி.

இங்கே வட்டமாகச் சுழலும் காரணங்களைக் கவனியுங்கள். கிணறு சற்று உவர்க்கிறது. கமக்காரன் என்ன செய்கிறான்? இன்னும் ஆழமாகத் துளைக்கிறான், உப்புக்கு இன்னும் அண்மையில் போகிறான், கூடுதலாக உவர்க்கிறது. உவர்நீர் பாய்ந்த மண்ணில் உப்புப் படிகிறது. அதைக் கழுவ வழமையிலும் கூடுதலான நீர் பாய்ச்சுகிறான். அதற்கும் அதே கிணறு. அயலவன் பெரிய இயந்திரம் பூட்டிவிட்டான் என்று கண்டதும், அவன் முடிக்குமுன் நான் எடுக்கவேண்டுமென்று இவனும் பெரியது பூட்டுகிறான். பசளை விடயமும் அப்படியே. பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி யூரியாவையும் கரைத்துக்கொண்டு திரும்பவும் அதே வில்லைக்குள் இறங்குகிறது. மறுநாள் அதையே இறைக்கிறோம்; அதையே குடிக்கிறோம். மலகூடக் குழிகளின் கசிவும் அங்கேதான் சேர்கிறது. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிக்கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980கள் தொட்டே ஆய்வாளர்கள் காட்டி வந்திருக்கின்றனர். இச் சபையிலுள்ள வைத்தியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாற்குடிக் குழந்தைக்கு அது நஞ்சு.

சொட்டு நீர்ப்பாசனம் செய்தால் எல்லாம் தீரும் என்கிறார்கள். நல்ல முறைதான், நானும் வரவேற்கிறேன். ஆனால் 1865இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் நிலக்கரியைப் பற்றி எழுதியதை மறக்கவேண்டாம். இயந்திரங்கள் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியதும் நாட்டின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்று அவர் காட்டினார். சிக்கனம் பிறந்ததும் பயன்பாடு மலிவாயிற்று, மலிவானதும் பெருகிற்று. மிச்சப்பட்ட நீரில் இன்னும் ஐந்து பரப்பு வெங்காயம் நட்டால், வில்லைக்கு என்ன மிச்சம்?

ஒரு தொழிற்சாலையோ ஒரு நகரமோ எப்படி இயங்குகிறது என்பதைக் கணினியிற் கட்டி ஆராய்ந்த ஜே பொரெஸ்ரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1971இல் ஒரு கருத்தைக் கூறினார். அமைப்பை நடத்தும் பிடி எதுவென்று அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் தெரியும். ஆனால் அதனை எதிர்த் திசையிற் தள்ளுவதே அவர்களின் வழக்கம் என்பது அவருடைய அனுபவம். இந்நாட்டவர்களாகிய நமக்கு அதனை விளக்க வெளிநாட்டுப் பேராசிரியர் தேவையில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரே ஆணையால், இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. நம் கிணறுகளின் நைத்திரேற்றைப் பற்றி இப்பொழுது பேசிய நானே சொல்கிறேன்: பசளையைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணத்தில் உண்மை இருந்தது. ஆனால் மண், விதை, சேதனப் பசளையின் அளவு, கமக்காரனின் கடன், அரிசிச் சந்தை, அந்நியச் செலாவணி யாவும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒரு நூலை ஒரே நாளில் வெட்டியதும் மற்றவையெல்லாம் குலைந்தன. விளைச்சல் விழுந்தது, விலை ஏறியது, பசளைக்கு மிச்சம்பிடிக்க எண்ணிய அந்நியச் செலாவணியை அரிசிக்குக் கொடுக்க நேர்ந்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. மேலிருந்து ஒரே பிடியைத் திருகி இப்படிப்பட்ட அமைப்பை ஆளமுடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சட்டம் இந்த இடத்தில் ஏன் தடுமாறுகிறது?

1843இல் இங்கிலாந்தில் அக்ரன் எதிர் பிளண்டெல் என்றொரு வழக்கு நடந்தது. ஒருவர் தமது பருத்தி ஆலைக்கு நீர் வழங்க வெட்டிய கிணறு, அயலிலே நிலக்கரிச் சுரங்கம் வெட்டப்பட்டதால் வற்றிப்போயிற்று. நட்டஈடு கிடைக்கவில்லை. ஆற்று நீர் கண்ணுக்குத் தெரிவது. நிலத்தடி நீரின் போக்கு எவருக்கும் தெரியாதது. ஆதலால் தன் நிலத்தின் கீழுள்ளதை அவனவன் எடுக்கலாம் என்ற நியாயத்தில் அது தீர்ந்தது. அறியாமையே அங்கே சட்டமாயிற்று. நமது பொதுச்சட்டம் உரோமன் ஒல்லாந்தச் சட்டம். அதன்மேல் 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமை நமக்கு உண்டு. ஆயினும் என் காணி, என் கிணறு, என் நீர் என்ற எண்ணம் நம் உள்ளத்தில் எந்த ஏட்டிலும் இருப்பதைவிட ஆழமாகப் பதிந்திருக்கிறது. நான் வென்ற வழக்கும் அதன்மேல் நின்று வென்றதுதான்.

ஒருவன் நஞ்சைக் கொட்டி ஒரு கிணறு கெட்டால் சட்டத்துக்குக் கை உண்டு. சுன்னாகப் பகுதியில் மின்னிலையத்திலிருந்து எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்த விடயத்தில், 2019இல் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே பொறுப்பு என்ற கோட்பாட்டை ஏற்று, பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டளையிட்டது. அந்தத் தீர்ப்பை நான் போற்றுகிறேன். ஆனால் உப்பு வந்த கிணற்றுக்கு எதிராளி யார்? ஆயிரம் பேர் ஆளுக்கொரு மணித்தியாலம் இறைத்தார்கள். எந்த ஒருவனுடைய இறைப்பும் தனியே கெடுதி செய்யவில்லை. கடைசியாக இறைத்தவன்மேல் வழக்கு வைப்பதா? முதலில் இறைத்தவன்மேலா? காரணம், விளைவு, குற்றவாளி என்று நேர்கோட்டில் தேடும் சட்டக்கண்ணுக்கு இங்கே குற்றவாளியே தென்படுவதில்லை. நூற்றுக்கணக்கான நிரபராதிகள் சேர்ந்து ஒரு குற்றத்தைச் செய்திருக்கிறார்கள்.

இதற்குப் பரிகாரமே இல்லையென்று கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நம்மைப் போன்றே கடலோரத்தில் நீர் இறைத்து, நம்மைப் போன்றே உப்பைக் கண்ட ஒரு மக்கள் கூட்டம் செய்ததைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை அடுத்து, மேற்குப் படுகை என்று வழங்கும் நிலத்தடி நீர்ப்பரப்பு ஒன்று உண்டு. எண்ணெய்க் கம்பனிகளும் சிறு நகரசபைகளும் நீர் வழங்கும் நிறுவனங்களும் கமக்காரரும் போட்டியிட்டு இறைத்தனர். அங்கிருந்த சட்டமும் போட்டியைத் தூண்டியது. இன்று கூடுதலாக இறைத்து வழக்கமாக்கிக்கொண்டவனுக்கே நாளை கூடுதலான உரிமை கிடைக்கும் என்ற நிலை. கடல் உள்ளே வந்தது. 1945இல் வழக்கு வைத்தனர். நூற்றுக்கணக்கான எதிராளிகள்! நம் நாட்டுக் காணி வழக்கை நினைவூட்டும் எண்ணிக்கை.

ஆனால் அவர்கள் அந்த வழக்கைச் சண்டைக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. எவ்வளவு நீர் இருக்கிறது, யார் எவ்வளவு எடுக்கிறார் என்ற உண்மையை எல்லோருக்கும் பொதுவாக அளந்து அறிவதற்கு மன்றைப் பயன்படுத்தினர். ஒவ்வொருவனும் தான் எடுப்பது மட்டுமே அறிந்திருந்த இடத்தில், எல்லோர் கணக்கும் எல்லோர் கையிலும் வந்தது. அதன்பின் பேசினர். 1955இல் இடைக்கால உடன்பாடு ஒன்றைக் கண்டனர்: எல்லோரும் விகிதப்படி குறைப்பது, பெரும்பாலானோர் ஒப்பினாலன்றி எவரையும் கட்டுப்படுத்தாது. 1961இல் அது இறுதித் தீர்ப்பாயிற்று. ஒவ்வொருவரின் இறைப்பையும் ஆண்டுதோறும் அளந்து பகிரங்கமாக வெளியிட மன்றின் சார்பில் நீர் அதிகாரி ஒருவர் அமர்த்தப்பட்டார். கரையோரமாக வரிசையாகக் கிணறுகள் தோண்டி, அவற்றினூடே நன்னீரை உள்ளே செலுத்தி, கடலுக்கு எதிராக நிலத்தடியில் ஒரு நீர் வரம்பு எழுப்பினர். பதினாறு ஆண்டுகள்! நடுவிலே முறிவும் கோபமும் செலவும் இல்லாமலில்லை. அதனை அருகிருந்து ஆராய்ந்து 1965இல் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிய பெண்மணி எலினோர் ஒஸ்ரொம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே.

அவர்கள் செல்வந்தர், வெளியிலிருந்து நீர் வாங்கும் வசதி அவர்களுக்கு இருந்தது. நமக்கு அது எளிதன்று. எனினும் அவர்கள் முதலிற் செய்தது அளத்தல். அதற்குச் செல்வம் வேண்டியதில்லை.

வெளியிலிருந்து நீர் என்றதும் நம் பழைய கனவு நினைவுக்கு வரும். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள், ஆனையிறவுக் கடலேரியை நன்னீர் ஏரியாக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தரும் திட்டத்தை வகுத்தார். அது முழுமையாக நிறைவேறவில்லை. போருக்குப் பின் இரணைமடுவிலிருந்து குடிநீர் கொண்டுவரும் யோசனை எழுந்தது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அன்று நம்மவர் சிலர் அவர்களைத் தன்னலக்காரர் என்று ஏசியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. தம் வயலுக்கு நீர் போதுமா என்று கேட்டவன் தன்னலக்காரன் என்றால், தன் கிணற்றைக் கெடுத்துவிட்டு அவன் குளத்தைக் கேட்டவன் யார்? ஈற்றில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் என்பது அதன் அளவு. குடிப்பதற்கு அது பெருந்துணை. அதைக்கொண்டு வெங்காயம் விளைவிக்க முடியாது. குழாய் நீர் வந்துவிட்டதென்று கிணற்றை மறந்தால், குப்பைக் குழியாக்கினால், அடுத்த தலைமுறைக்கு நாம் கொடுப்பது மின்சாரம் உள்ளவரை மட்டும் ஓடும் நீர்.

அரசாங்கம் செய்யவேண்டியவை பல உண்டு. நீர்வளத்தைக் காப்பது பற்றியும் பயன்படுத்துவது பற்றியும் ஆலோசனை கூற 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் நீர்வளச் சபை அமைக்கப்பட்டது. குடாநாட்டு நீரின் கணக்கு எங்கோ ஒரு கோவைக்குள் அடங்கிக் கிடவாமல், ஒவ்வொரு பிரதேச சபையின் கதவிலும் மாதந்தோறும் தமிழில் ஒட்டப்படவேண்டுமென்று நாம் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். தூர்ந்துபோன குளங்களையும் கேணிகளையும் துரவுகளையும் தோண்டுவது பிரதேச சபையின் கடன். அவற்றை மூடிக் கடையும் வீடும் கட்டியவர்கள் கொழும்பிலிருந்து வந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு குளத்தை மூடியவன் தன் கண்முன் ஒரு சதுப்பை மூடியதாக எண்ணினான். அரை மைலுக்கு அப்பால் ஒருவனுடைய கிணற்றின் மாரி ஊற்றை அடைத்ததாக எண்ணவில்லை.

அதிகாரப் பரவலாக்கம் என்று மேடைதோறும் பேசுகிறோம். பேசவும் வேண்டும். நாளைக்கே நீரின்மேல் முழு அதிகாரமும் நம் கைக்கு வந்தால், எந்தக் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு உப்பு என்ற ஒரு பதிவேடாவது நம்மிடம் உண்டா? யாழ்ப்பாணத்தவன் தன் நீரை அளக்கவில்லை. அளக்காதவன் வழக்கில் தோற்பான். இது அரசியலிலும் நீதிமன்றிலும் அல்ல, அந்த ஒரு போத்தல் நீரில் நான் படித்தது.

ஆகையால் இன்றைய கூட்டத்திற் தீர்மானம் எதுவும் நான் முன்மொழியவில்லை. வேறொன்று முன்வைக்கிறேன். இக் கிராமத்தில் முப்பது கிணறுகளைத் தெரிந்துகொள்வோம். கரையோரம் பத்து, நடுவில் பத்து, தோட்டங்களுக்குள் பத்து. ஒவ்வொரு பூரணையன்றும் காலையில், இறைப்புத் தொடங்குமுன், கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று அளந்து எழுதவேண்டும். நீரின் மின்கடத்துதிறனைக் காட்டும் சிறு கருவி ஒன்று போதும். உப்பு ஏறுகிறதா என்பதை நாவுக்கு முன்னே அது சொல்லிவிடும். விஞ்ஞான ஆசிரியர்கள் இருவர் மாணவரைக்கொண்டு இதனைச் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கருவியின் விலையைச் சட்டத்தரணிகள் சிலர் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறோம். வழக்குகளில் உழைத்த பணம் அதற்குப் போவது முறைதான். ஒரு மாரியும் ஒரு கோடையும் எழுதியபின், அந்த ஏட்டை நடுவில் வைத்துக்கொண்டு, பங்குனி முதல் ஆவணி வரை இறைப்பு நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று பேசுவோம். பாட்டன்மார் ஒரு கிணற்றுக்கு வைத்த முறையை நாம் முப்பது கிணற்றுக்கு வைக்க முடியுமா என்று பார்ப்போம். உறுதி எழுதும் நொத்தாரிசுமாரையும் அன்று அழைத்து வருகிறேன்; கிணற்றிற் பங்கு என்று எழுதும் இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்ப்பது பற்றி அவர்களுடன் பேசவேண்டியிருக்கிறது.

என்னுடைய பழைய கட்சிக்காரர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அந்த வழக்கின் எதிராளிகளுள் இருவரும் அவரருகே இருக்கிறார்கள். முப்பது கிணறுகளுள் முதலாவதாக, உவர்த்துப்போன அந்தக் குழாய்க் கிணற்றையே எழுதும்படி அவர் கேட்டிருக்கிறார். இரண்டாவதாக என் வீட்டுக் கிணறு. நேற்றுக் காலை நானே அளந்தேன்: கட்டிலிருந்து பத்தொன்பது அடி நான்கு அங்குலம். பதிவேடு வாயிலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.